ஊதா வாளியும் பத்து எலுமிச்சையும்

அத்தியாயம் 4

என் அண்ணன் செலாசி போனில் இரண்டே விஷயம்தான் சொன்னான். பண்ணையில் முந்நூறு தாய் மீன்கள் ஒரே ராத்திரியில் செத்துவிட்டன. வரும்போது எலுமிச்சை பத்து வாங்கி வா.

முதல் விஷயத்தைக் கேட்டதும் செனாம் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். இரண்டாவது விஷயம் என் தலையில் விழுந்தது. துப்பறிவாளரின் உதவியாளன் என்று நான் விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருக்கிறேன். செய்கிற வேலை என்னவோ பை தூக்குவதும் எலுமிச்சை பொறுக்குவதும்தான்.

அடிம்போக்கு பாலத்தடியில் ட்ரோட்ரோ வண்டியை விட்டு இறங்கி, கடைக்காரம்மாவோடு மல்லுக்கட்டி, பத்து எலுமிச்சை விலைக்குப் பதினொன்று வாங்கினேன். பத்தைப் பையில் போட்டேன். பதினொன்றாவது என் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பரிசு என்பதால் என் கால்சட்டைப் பைக்குள் போனது.

"அண்ணனுக்கு எதுக்குடா இத்தனை எலுமிச்சை?" என்றார் அக்கா.

"மீன் பண்ணை மேனேஜர் அக்கா. மீனுக்குப் போட்டுச் சாப்பிடுவான்."

"செத்த மீனுக்கா?"

செனாம் அக்கா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்தைக் கட்டி மேய்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு பொய் சொல்கிறவர்களைக் கட்டி மேய்க்கிறார். இரண்டும் ஒரே வேலைதான் என்பார். நிறம் மாறும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பண்ணை வாசலில் ஊதா வாளி இருந்தது. வோல்டா ஏரிக்கரையில் எந்த மீன் பண்ணைக்குப் போனாலும் வாசலில் இந்த வாளி உண்டு. தண்ணீரில் பெர்மாங்கனேட் கலந்து வைத்திருப்பார்கள். முதலாளியானாலும் மந்திரியானாலும் இரண்டு கையையும் அதில் முக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியில் இருந்து எந்த நோயும் மீனுக்குப் போய்விடக் கூடாது. முக்கும்போது கை ரோஜா நிறமாக அழகாய் இருக்கும். அரை மணி நேரத்தில் அந்த அழகெல்லாம் போய் விரல் பழுப்பாகிவிடும். சோப்புக்கு அது அசையாது. தினமும் முக்குகிறவர்களுக்கு நகக்கண்ணெல்லாம் கறுத்துக் கிடக்கும். எங்கள் பக்கத்துச் சந்தையில் பண்ணைக்காரர்களுக்குப் பெயரே பழுப்புக் கை என்பதுதான்.

நாங்கள் முக்கி எடுத்தோம். அண்ணன் ஓடி வந்தான். முழங்கை வரை ரப்பர் கையுறை. கை கொடுக்காமல் முழங்கையை நீட்டினான்.

"கை ஈரம்டா, மன்னிச்சுக்கோ. வாங்க மேடம். எலுமிச்சை கொண்டு வந்தியா?"

"தம்பி வந்ததைவிட எலுமிச்சை வந்ததுதான் சந்தோஷமா இருக்கு உனக்கு," என்றேன்.

சிரித்துக்கொண்டே பையை வாங்கிக்கொண்டான். அம்மா அப்பா போன பிறகு என்னை வளர்த்தவன் அவன்தான். வீட்டில் ஒரே ஒரு மீன் இருந்த நாட்களில்கூட, தலையைப் பிய்த்து என் தட்டில் வைத்துவிட்டு வாலை அவன் சாப்பிடுவான். மீன் தலைதான் ருசி என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்; அவனுக்கு மட்டும் தெரியாது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் தொட்டியின் ஓரத்தில் யாய்ரா உட்கார்ந்திருந்தாள். மீன்குஞ்சுப் பொரிப்பகம் முழுக்க அவள் பொறுப்பு. வேகமாக வளர்கிற ஜிலேபி மீன் ஜாதி ஒன்றை ஒன்பது வருஷமாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து எடுத்தவள். பண்ணையில் தாய் மீன் என்றால் இனப்பெருக்கத்துக்கு வைத்த ஆணும் பெண்ணும்தான்; அந்த ஜாதியின் மொத்தத் தாய் மீன்களும் இந்த ஒரு தொட்டியில்தான் இருந்தன. இப்போது தொட்டி காலியாக, கழுவிவிட்டபடி கிடந்தது.

பக்கத்தில் முதலாளி ஹொட்டோர் நின்றிருந்தார். மனிதர் பெரிய தொப்பை, சின்னக் குரல்.

"நாலு மணிக்குப் போலீஸ் வருது," என்றார். "அதுக்குள்ள இவ செய்யலைன்னு நீங்க காட்டினா சரி. இல்லைன்னா இவளை ஜீப்புல ஏத்தி விட்டுருவேன். ஒன்பது வருஷ உழைப்பு, ஒரு கரண்டியில போச்சு."

"உழைப்பு என்னோடது ஐயா," என்றாள் யாய்ரா. "நானே கொல்லுவேனா?"

"ஜாதியில பங்கு கேட்டே, நான் தரலை. கோவத்துல மனுஷன் என்ன வேணா செய்வான்."

செனாம் அக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். "நடந்ததைச் சொல்லும்மா."

யாய்ரா சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, வாரா வாரம் போடுகிறபடி, மீனின் செவுளில் ஒட்டும் பூஞ்சைக்காகத் தொட்டியில் பெர்மாங்கனேட் கரைத்து ஊற்றினாள். இரண்டு கரண்டி. அப்புறம் ஹோ ஊரில் அத்தை வீட்டுச் சாவு. இரவு பிணத்தோடு விழித்திருக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். கலக்கும் கட்டையைத் தன் பெட்டியில் பூட்டிவிட்டு, பொரிப்பகச் சாவியை செலாசியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"மேனேஜர்தான் சொன்னாரு, நீ போ, நான் பாத்துக்கறேன்னு. இப்பவும் எனக்காக அவருதான் உங்களைக் கூப்பிட்டிருக்காரு. இந்தப் பண்ணையில என்னை நம்பறது அவரு ஒருத்தருதான்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் அண்ணன் அப்படித்தான்.

"டப்பாவுல ஒன்பது கரண்டி குறையுது," என்றார் ஹொட்டோர். "ரெண்டு இல்ல. ஒன்பது."

அண்ணன் தன் போனை நீட்டினான். கையுறை போட்ட விரலுக்குத் திரை நகரவில்லை. நான்தான் தள்ளிக் காட்டினேன். சனிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். தொட்டி நிறைய ரோஜா நிறத் தண்ணீர். நாற்பது ஐம்பது மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. மிச்சம் அடியில் கிடந்தது என்றான். நோய் பரவக் கூடாது என்று எல்லாவற்றையும் உடனே சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டானாம்.

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அடியில வட்டமா தெரியுதே, அது என்ன?"

"தண்ணி வடியற துளை மேடம்," என்றாள் யாய்ரா.

"மீன் இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியுமா?"

"எங்க தெரியும்? பச்சைத் தண்ணி. கை விட்டாலே கை தெரியாது."

அக்கா எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினார். "எடெம், ரெண்டு வாளி கொண்டு வா. ஒண்ணுல அஞ்சாம் தொட்டித் தண்ணி. இன்னொண்ணுல ஆழ்துளைக் கிணத்துத் தண்ணி. ஒன்பது கரண்டிக்கு ஒரு தொட்டின்னா ஒரு வாளிக்கு எவ்வளவுன்னு நான் நிறுத்துத் தரேன்."

"துப்பறியறோமா, துணி துவைக்கப் போறோமா அக்கா?"

"உன் சட்டையைப் பார்த்தா ரெண்டாவதும் செய்யலாம்."

இரண்டு வாளியிலும் ஒரே அளவு பொடி போட்டோம். இரண்டும் ஊதாவாயின. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அக்கா இரண்டின் மேலும் பலகையைப் போட்டு மூடினார்.

"சாப்பிட்டு வந்து பாக்கலாம்."

அந்த நேரத்துக்குள் எனக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. பங்கு தர மறுத்த முதலாளி, எல்லாப் பூட்டுக்கும் மறுசாவி வைத்திருக்கிற முதலாளி, போலீசுக்குச் சொல்லி வைத்திருக்கிற முதலாளி. அக்காவின் காதில் சொன்னேன்.

"அந்தத் தொப்பைதான் அக்கா. நடந்தாலே ஏரி தளும்புது, மீன் பயத்துல செத்திருக்கும்."

"அவர் கையைப் பாத்தியா?"

"பழுப்பா இருக்கு. எல்லாருக்கும் பழுப்பாதான் இருக்கு. எனக்கே வந்துடுச்சு."

"ஆமா," என்றார் அக்கா. "எல்லாருக்கும்."

மதியம் மாமரத்தடியில் மேஜை போட்டார்கள். பெரிய கிண்ணத்தில் புளித்த சோள மாவில் கிண்டிய பாங்கு உருண்டைகள், சுட்ட ஜிலேபி மீன், அம்மியில் அரைத்த பச்சை மிளகாய். தண்ணீர்க் கிண்ணம் சுற்றி வந்தது. வலது கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தோம். அண்ணன் கடைசியாக வந்தான். கையுறை இல்லை. வந்ததும் சமையல்கார அம்மாவிடம் ஒரு கரண்டி கேட்டான்.

"பாங்குக்கா?" என்றாள் அந்த அம்மா. "வெள்ளைக்காரன் யாராவது வந்திருக்கானா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். "பதவி உயர்வு அம்மா. இனிமே தூங்கும்போதும் டை கட்டிப்பான்."

அண்ணன் மீன் தலையைப் பிரித்தான். பழக்கம் விடுமா, அது எனக்குத்தான். ஆனால் கையால் பிய்த்து வைக்கவில்லை. கரண்டியால் தள்ளித் தள்ளி என் பக்கம் கொண்டு வந்தான். என் இருபத்தெட்டு வயதில் அவன் எனக்கு மீன் தலையைக் கரண்டியால் தந்தது அதுதான் முதல் தடவை. விரலில் மிளகாய் லேசாகப் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை உதறினான்.

"எலுமிச்சை இருந்தா மீனுக்கு நல்லா இருக்குமே," என்றார் செனாம் அக்கா. "எடெம் பத்து வாங்கிட்டு வந்தான்."

"என் கைக்கு ஒண்ணும் வரலையே," என்றாள் சமையல்கார அம்மா.

"சளி பிடிச்சிருக்கு மேடம்," என்றான் அண்ணன். "சாறு பிழிஞ்சு குடிச்சுட்டேன்."

"பத்தையுமா?"

இந்த இடத்தில் நான் ஒரு ஜோக் சொல்லியிருக்க வேண்டும். வாயில் தயாராகவே இருந்தது. அதற்குள் என் கண் மேஜைக்குப் போய்விட்டது. கிண்ணத்தைச் சுற்றிக் கைகள். ஹொட்டோரின் பருத்த பழுப்பு விரல்கள். யாய்ராவின் கறுத்த நகங்கள். சமையல்கார அம்மாவுடையது. காலையில் முக்கி இப்போது பழுப்பாகிவிட்ட என்னுடையதும் அக்காவுடையதும். நடுவில் கரண்டி பிடித்த ஒரு கை மட்டும் மணிக்கட்டு வரை பளிச்சென்று, தோல் உரிந்து சிவந்து, பண்ணைக்கே சம்பந்தமில்லாமல் இருந்தது. ஏழு வருஷமாக அந்த வாளியில் தினமும் முக்குகிறவனின் கை.

"எடெம்," என்றார் அக்கா மெதுவாக. "ஜோக் ஒண்ணும் வரலையா?"

வரவில்லை. அக்காவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது என்று புரிந்தது. அவரே சொல்லியிருக்கலாம். எனக்காக நிறுத்தி வைத்திருந்தார். நான் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எதிரே யாய்ரா சாப்பாட்டைத் தொடாமல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி மூன்றாகப் போகிறது.

"அண்ணா," என்றேன். "ரெண்டு கையையும் மேஜை மேல வை."

"என்னடா விளையாட்டு?"

"வை அண்ணா."

அவன் வைக்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

அக்கா எழுந்து வாளிகளின் பலகையை எடுத்தார். கிணற்றுத் தண்ணீர் வாளி வைத்தது வைத்தபடி ஊதா. தொட்டித் தண்ணீர் வாளியில் ஊதாவின் சுவடே இல்லை. ஆறிப்போன தேநீர் நிறத்தில், அடியில் பழுப்பு வண்டலோடு இருந்தது.

"இது பசி பிடிச்ச உப்பு ஐயா," என்று ஹொட்டோரிடம் சொன்னார். "பாசி, கழிவு, மீன் மேல இருக்கற வழவழப்பு, எது கிடைச்சாலும் கடிக்கும். கடிச்சு முடிச்சா ஊதா போயி பழுப்பாயிடும். முந்நூறு மீன் இருக்கற பச்சைத் தண்ணியில ஒன்பது கரண்டி போட்டாலும் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குள்ள ஊதா செத்துடும். படத்துல பதிமூணு மணி நேரம் கழிச்சும் ரோஜா நிறம். அடித் துளை தெரியுது. அப்படின்னா அது வெறும் கிணத்துத் தண்ணி. மீனை எல்லாம் எடுத்துட்டு, தொட்டியைக் காலி பண்ணி, புதுசா நிரப்பி, அப்புறம் ஊதா கலக்கியிருக்காங்க. மிதந்தது, ஏரியில மிதக்கற வலைக் கூண்டுகள்ல தினமும் சாகற மீன்."

"மேனேஜருக்கு இது தெரியாதா?" என்றார் ஹொட்டோர், நம்ப முடியாமல்.

"அவருக்குத் தெரிஞ்ச பெர்மாங்கனேட் வாசல் வாளி மட்டும்தான். காலையில எட்டு மணிக்கு வருவாரு, அப்பதான் புதுசா கலந்து வச்சிருப்பாங்க. அது எப்பவும் ரோஜாவாதான் இருக்கும்னு நினைச்சுட்டாரு. கலக்கற கட்டை யாய்ராவோட பெட்டியில பூட்டியிருக்கும். அவசரத்துல கையை விட்டுக் கலக்கியிருக்காரு. தோலும் அதுக்குச் சாப்பாடுதானே. மணிக்கட்டு வரைக்கும் அப்பிக்கிச்சு. அதை மறைக்க மூணு நாள் கையுறை. எலுமிச்சைப் புளிப்பு பட்டா அந்தப் பழுப்பு கரைஞ்சு நிறமில்லாம போயிடும். கல்லை வச்சுத் தேய்ச்சிருப்பாரு, அதான் மிளகாய் எரியுது. ஊதா, பழுப்பு, அப்புறம் ஒண்ணுமில்லாத நிறம். ஒரே மாங்கனீஸ் போடற மூணு வேஷம். மூணாவது வேஷம்தான் மாட்டி விட்டுடுச்சு. இவரு தப்போட கறையை மட்டும் கழுவியிருந்தா பரவாயில்ல. ஏழு வருஷ வேலைக் கறையையும் சேர்த்துக் கழுவிட்டாரு."

யாய்ரா எழுந்தாள். திட்டுவாள், அறைவாள் என்று நினைத்தேன். அவள் அண்ணனின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"உயிரோட இருக்கா?"

அண்ணன் தலையை ஆட்டினான். "எதிர்க்கரையில. பனங்காட்டு வளைவுல. கூண்டுல."

"நடுவுல வலை கட்டினியா?"

"என்ன வலை?"

"ஆண் மீனையும் பெண் மீனையும் பிரிச்சு வலை கட்டினியான்னு கேக்கறேன்."

அண்ணன் முழித்தான். மூன்று நாளாக ஒரே கூண்டில் எல்லாம் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடக்கின்றன. யாய்ராவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே சுவரில் மாட்டியிருந்த வலையைப் பிடுங்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள். ஹொட்டோர் தொப்பையோடு பின்னாலேயே ஓடினார். வழியெல்லாம் "யாய்ரா, பங்கு பத்திப் பேசலாம், நில்லும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். அவள் திரும்பவில்லை.

சமையல்கார அம்மாவும் உள்ளே போய்விட, மாமரத்தடியில் நாங்கள் மூன்று பேர் மிச்சம்.

"எத்தனை நாள் அடுத்தவன் மீனை மேய்ப்பேன் எடெம்?" என்றான் அண்ணன். "எனக்குன்னு ஒரு பண்ணை வேணும்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

"அதுக்கு அவளை ஜெயிலுக்கு அனுப்பணுமா? உன்னை நம்பிச் சாவியைக் கொடுத்தவ."

அவன் கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"சரி. எங்களை ஏன் கூப்பிட்டே?" என்றேன். "போலீசே போதுமே உனக்கு."

"முதலாளி வெளியாள் யாரையாவது கூப்பிடணும்னு நின்னாரு. அக்ராவிலேர்ந்து யாரோ வர்றதுக்கு நீ வந்தா நல்லதுன்னு தோணிச்சு." அவன் என்னைப் பார்க்காமல் பேசினான். "மேடம் கண்ணு எங்க வேணா போகும்னு தெரியும். உன் கண்ணு என் கைப்பக்கம் போகாதுன்னு நினைச்சேன்."

"போகலையே அண்ணா. இவ்வளவு நேரம் போகவே இல்ல. நீ கழுவறதுக்கு எலுமிச்சையும் நான்தானே கொண்டு வந்து கொடுத்தேன்."

மீனைத் திருடியதைக்கூட என்றைக்காவது மன்னிப்பேனோ என்னவோ. என் பாசத்தை அளந்து பார்த்து, அது எவ்வளவு தூரம் கண்ணை மறைக்கும் என்று கணக்குப் போட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறான். அதை நினைக்க நினைக்க ஆறவில்லை. என் தட்டில் மீன் தலை அப்படியே இருந்தது. எறும்பு வந்துவிட்டது.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. அண்ணன் தானாகவே ஏறிக்கொண்டான். ஏறும்போது எனக்குக் கை நீட்டினான், அந்த வெள்ளைக் கையை. நான் முழங்கையை நீட்டினேன்.

நானும் செனாம் அக்காவும் அடிம்போக்கு திரும்பி வந்து இறங்கினோம். பாலத்தடியில் வேக வைத்த அபோலோ என்கிற சோளமாவு அப்பமும் பொரித்த பொடி மீனும் வாங்கி என் மடியில் வைத்தார். "காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடலை."

"பசிக்கலை அக்கா."

"எலுமிச்சை இருந்தா இறங்கும்."

கால்சட்டைப் பையில் பதினொன்றாவது இருந்தது ஞாபகம் வந்தது. எடுத்தேன். அக்கா கத்தியால் இரண்டாக வெட்டித் தர, மீன் மேல் பிழிந்தேன். சாறு விரல் வழியே வழிந்தது. பட்ட இடத்தில் பழுப்பு கரைந்து, நகத்தோரம் கொஞ்சம் வெளுக்கத் தொடங்கியது. பாதி எலுமிச்சையைக் கீழே போட்டுவிட்டு, கையைச் சட்டையில் அவசரமாகத் துடைத்துக்கொண்டேன்.